எட்டுக் கண்ணிகள்

ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். உன் பழைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. உனக்கு வரும் தபால்களை அனுப்பிவைக்க வாட்ச்மேனிடம் ஒரு விலாசம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதைக் கேட்டேன். தர மாட்டேன் என்றார். "நான் அவளோட மாமியார்ங்க" என்றேன். "அதனாலதாம்மா தர மாட்டேங்கறேன்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுதிக் கொடுத்தார்.

என் மகனும் நீயும் பிரிந்து, நீ வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம். உன் பின்னல் பை இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளி நூல் மூன்று உருண்டை, இரண்டு ஊசிகளை நீள வயரால் சேர்த்த அந்த வட்ட ஊசி. அதில் ஒரு தொப்பி பின்னிப் பார்க்கலாம் என்று ஆசை. பின்னல் எனக்குப் புதிது. வயர் வேறு சுருட்டிக்கொண்டு, நிமிரவே மாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

அத்தை
(இப்போது அப்படிப் போடலாமா தெரியவில்லை. வேறு எதுவும் எழுத வரவில்லை.)

ஜூன் 15

வணக்கம்.

பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வயரைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து இழுத்துப் பிடித்தால் நிமிரும். ஊசியில் எண்பது கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றுங்கள். எப்படி ஏற்றுவது, எப்படிப் பின்னுவது என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். வயர் நீளம் என்பதால் கண்ணிகளை நாற்பது நாற்பதாக ஒதுக்கி, நடுவில் வயரை வளையமாக வெளியே இழுத்துவிடுங்கள். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் சேர்ப்பதற்கு முன், வரிசை எங்காவது வயரைச் சுற்றி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் தொப்பி வராது.

வேறொன்றுமில்லை.

ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

பேருக்கு ஏற்ற கடிதமா இது? ஒரு பக்கம்கூட வரவில்லை. ஆனாலும் நாலு தடவை படித்தேன்.

நீ சொன்னபடியே முறுக்கிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. பன்னிரண்டு சுற்று பின்னிய பிறகு கைக்குள் மாட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் உள்ளே போகிறது, ஒரு பக்கம் வெளியே வருகிறது. அவன் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, குழாய்க்கு உறையா?" என்றான். இந்த வாரம் அவன் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நேற்று முழுக்க நான் பேசியது கொரியர்காரரிடம் மட்டும். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார். "பேனா இருக்கா?" என்றேன். அத்தோடு சரி.

இதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தத் தலைவலி எப்படி இருக்கிறது? தனியாகவா இருக்கிறாய்?

அத்தை

ஜூலை 8

அத்தைக்கு,

வழி இல்லை. முழுக்கப் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். என் முதல் தொப்பியும் அப்படித்தான் போனது, உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து, எல்லாக் கண்ணியின் அடியும் உள்பக்கம் இருக்கும்படி ஒழுங்கு செய்துகொண்டு சேருங்கள். சேர்த்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் மாட்டினால் சுற்று எண்ணச் சுலபம்.

தனியாகத்தான் இருக்கிறேன். ஒரே அறை, ஜன்னலுக்கு எதிரே டயர் கடை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. வருகிறவர்கள் யாருக்கும் வாயைத் திறந்து பேச முடியாது. உங்கள் வாயாடிக்கு ஏற்ற இடம்தான். தலைவலி குறைந்துவிட்டது.

தொப்பி யாருக்கு?

ஜூலை 19

அன்புள்ள வாயாடிக்கு,

பல் ஆஸ்பத்திரி விஷயத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று.

மறுபடியும் முறுக்கிக்கொண்டது. பதினாறு சுற்று ஒழுங்காக வந்தது, பதினேழாவது சுற்றில் காலை வாரிவிட்டது. என்ன செய்யட்டும்? விவரமாக எழுது, அவசரமில்லை, இரண்டு பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

யாருக்கு என்று கேட்டாய். யாருக்கோ.

அத்தை

ஜூலை 30

அத்தைக்கு,

முறுக்கு, சேர்க்கிற இடத்தில் மட்டும்தான் விழும். பதினாறு சுற்று ஒழுங்காக வந்த பிறகு பதினேழில் விழ வழியே இல்லை. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தொப்பி இப்போது எந்த நிலையில் இருக்கிறது? உண்மையில் எதற்காக எழுதுகிறீர்கள்?

ஆகஸ்ட் 9

அன்புள்ள வாயாடிக்கு,

மாட்டிக்கொண்டேன். தொப்பி முடிகிற நிலையில் இருக்கிறது. உச்சியில் குறைத்துக் குறைத்து எட்டுக் கண்ணியில் வந்து நிற்கிறது. குறைக்கும் விதத்தை நூல் கடைப் பெண் காட்டினாள். "மூடறதையும் காட்டிடறேம்மா" என்றாள். வேண்டாம், அதைக் கேட்க எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் கேட்டால் பாடம் முடிந்துவிடும். அதனால் மூன்று வாரமாக அந்த எட்டையும் ஊசியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் உன்னிடம் கத்தும்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். நீ பெட்டியோடு கிளம்பிய அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். குளிக்கவில்லை. சும்மா நின்றேன். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூடினேன்.

இது அவனுக்காக எழுதுவது இல்லை. எனக்காகக் கேட்கிறேன். என்னை மன்னிப்பாயா?

தொப்பி உனக்குத்தான். உன் தலையை அளக்காமலே பின்னினேன்.

அத்தை

ஆகஸ்ட் 21

அன்புள்ள அத்தைக்கு,

குழாய் ஓடியது எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டு போகலாம் என்று குளியலறைக் கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். "அத்தை, நான் கிளம்பறேன்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் குளிக்கவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. என்னைத் தடுக்க வேண்டாம், அவனைக் கண்டிக்க வேண்டாம், உள்ளே இருந்தே "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டாக்சிக்காரர் ஹாரன் அடித்ததும் போய்விட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. ஆனால் கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மறுபடி அந்தக் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடுவதில்லை. கோபத்தில் எழுதவில்லை, அத்தை. என்னால் முடியவில்லை.

மூடும் விதம்: ஒரு சாண் விட்டு நூலை வெட்டுங்கள். அந்த நுனியைப் பெரிய தையல் ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணிக்குள்ளும் நுழைத்துவிட்டு, வட்ட ஊசியை உருவிவிடுங்கள். பிறகு நூலை இழுங்கள், ஓட்டை மூடிக்கொள்ளும். மிச்ச நுனியை உள்பக்கமாகத் தைத்துவிடுங்கள். நூலை வெட்டாமல் மூட முடியாது. வெட்டப் பயப்படாதீர்கள், அதுவரை பின்னியது பிரிந்துவிடாது.

தொப்பியை அனுப்புங்கள். போட்டுக்கொள்வேன். கூடக் கடிதம் வைக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

பார்சல் படிவம்
ஆகஸ்ட் 30

உள்ளே இருப்பவை: கம்பளித் தொப்பி, சாம்பல் நிறம், ஒன்று. கடிதம் இல்லை.

அனுப்புநர்: அத்தை

பெறுநரிடம் சேராவிட்டால்: திருப்பி அனுப்ப வேண்டாம்.