கறுப்பு பிலிம் கண்ணாடி

தாயில்பட்டி,
6.1.2010

அன்புள்ள அண்ணன் செல்வக்குமாருக்கு,

பொங்கலுக்கு மறுநாள் வரும் சூரிய கிரகணத்தைப் பார்க்க நீ அனுப்பிய கண்ணாடியைக் கண்ணில் வைத்ததும் கரண்டுக் கம்பியில் இருந்த காக்கா தெரிந்தது. அறிவியல் கூட்டம் போட வந்த வள்ளித்தாய் அக்கா, சரியான கண்ணாடி என்றால் சூரியனைத் தவிர எதுவும் தெரியக் கூடாது என்றார்கள். நீ வேலை பார்க்கும் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட இந்தக் கறுப்பு பிலிம் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடுமாம். உன் கூட்டாளி முனியராஜ் நம் தெருவில் நாற்பது வீட்டுக்கும் கொடுத்து முடித்துவிட்டான். திரும்ப வாங்கச் சொல்லி அவனுக்கு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

இசைவாணி

சிவகாசி,
9.1.2010

அன்புத் தங்கச்சிக்கு,

எட்டாவதோட நின்ன நீ எனக்குப் பாடம் எடுக்கியா? போன ஆடியில வந்த கிரகணத்தை எங்க பிரஸ் மிஷின்மேன் இந்த பிலிம்லதான் பார்த்தார். இன்னும் பத்திரிகையில பிழை கண்டுபிடிச்சு எங்களை ஏசுதார். மூணு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். தெருவே என்னைப் பெருமையாப் பேசுது. திரும்ப வாங்கினா என் மானம் என்னாகும்? ரேஷன் கடையில மண்ணெண்ணெய் கேட்கவே உனக்கு வாய் வராது. பேசாம இரு.

கல்யாணப் பத்திரிகை ஆர்டர் அம்புட்டும் தலைக்கு மேல கிடக்கு. பொங்கலுக்கு வரலை.

செல்வக்குமார்

தாயில்பட்டி,
11.1.2010

அண்ணே,

கண்ணுக்குள் சுடும்போது வலிக்காதாம். மறுநாள்தான் தெரியுமாம். உன் மிஷின்மேன் பார்த்தது விடிகாலைச் சூரியனை. இது உச்சி வெயில். போகிக்குள் நீ எழுதாவிட்டால் நானே போய் வாங்குவேன்.

இசைவாணி

தாயில்பட்டி,
16.1.2010

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வரவில்லை. பொங்கலன்று காலையில் கிளம்பினேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். பிறகு மறுபடி போனேன்.

"ஏலா, உனக்கு வாய் இருக்கா? உங்கண்ணன் ஆசையாக் குடுத்ததைப் பிடுங்கவா முதல்தடவை திறக்க?" என்றாள் இருளம்மாள் மதினி.

"அண்ணன்தான் வாங்கிரச் சொல்லி லெட்டர் போட்டிருக்கு," என்றேன்.

பொய்தான். அதைச் சொன்ன பிறகு எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. நாற்பதும் வந்துவிட்டன. தப்பை ஒத்துக்கொண்ட பிள்ளை என்று உன்னைத்தான் மெச்சுகிறார்கள். நிஜத்தை நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

ஆனால் கண் போய்விடும் என்று நான் பயமுறுத்தியதில் நேற்று மதியம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வள்ளித்தாய் அக்கா சொல்லிக்கொடுத்தபடி அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, தெருவில் வெள்ளைத்தாளை விரித்துப் பிடித்தேன். ஒன்றேகாலுக்கு, நிலா நடுவை மறைத்த சூரியன் தாளில் சின்ன வளையமாக விழுந்தது. பார்க்க ஒரு ஆள் இல்லை.

நடுத்தெருவில் நின்று, ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

இசைவாணி