கரைந்த களி

பிப்ரவரி 1, சனி
காலையில் பனி, மதியம் சுள்ளென்று வெயில். நாளை ஒகேனக்கல். காவிரி மடுவில் மீன் தங்கட்டும் என்று போன கோடையில் இறக்கிய கிணற்று சிமெண்ட் உறைகளில் மீன் அண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மீன்வளத் துறைக்காக மாதம் ஒரு நாள், சம்பளமில்லா வேலை. தூண்டிலில் பிடி, அள, விடு.

இரைக்கு ராகிக் களி கிண்டினேன். எப்போதும் சரோஜா கிண்டித் துணியில் கட்டிக் கொடுப்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு இது இரண்டாவது தடவை. கட்டி தட்டிவிட்டது. மீனுக்குத்தானே.

கேஸுக்குச் சொல்ல வேண்டும். டார்ச்சுக்கு பேட்டரி.

பிப்ரவரி 2, ஞாயிறு
நல்லம்பள்ளியில் முதல் பஸ். உட்கார இடம் கிடைத்தது. உறைகளுக்கு மேலே பரிசலை நிறுத்தி மதியம் வரை. ஒன்றுமில்லை. போன மாதமும் இதே கதை. உறை போடாத பாறைப் பக்கம், என்னைப் போலவே கணக்கெடுக்க வரும் மொரப்பூர்க்காரருக்கு ஐந்து கெண்டை.

பரிசல் ஓட்டும் மாது: "என்னங்ணா உம்முனு இருக்கறீங்க? வூட்ல அண்ணி சௌக்கியங்களா?"

ம் என்றேன். அதோடு விட்டார். மீன் வறுவல் தின்றேன். உப்பா உறைப்பா, தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்
கணக்கு சேர்க்கும் கவிதா மேடம் போன். "உறைப் பக்கம் ரெண்டு மாசமா ஜீரோங்க சார். இப்படியே அனுப்புனா அடுத்த உறைய எறக்க மாட்டாங்க. வெள்ளிக்கெழம அனுப்போணும்."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

மீந்த களி உருண்டை. சும்மா வாளித் தண்ணீரில் போட்டேன். டீ ஆறுவதற்குள் கரைந்து தண்ணீரே கலங்கிவிட்டது. அவள் உருட்டியது அரை நாள் நிற்கும். அன்றைக்கு இழுத்தபோதெல்லாம் வெறும் முள்தான் வந்தது. பொடி மீன் கொத்தித் தின்கிற வேலை என்று இருந்துவிட்டேன். முட்டாள்.

பிப்ரவரி 5, புதன்
பல் வலி. கேஸ் வந்தது. மேடத்தைக் கூப்பிடவில்லை. களிக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். அவள் போனதை இதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் போன் போட்டது மச்சான்தான்.

பிப்ரவரி 6, வியாழன்
கூப்பிட்டேன்.

"என் கணக்க எடுத்துருங்க மேடம். மீன் இல்லாம இல்லீங்க. எரை கரைஞ்சு போச்சு."

"உங்க உருண்டைதான் கெட்டின்னு எல்லாரும் சொல்வாங்களே சார்?"

"அது சரோஜா கிண்டறதுங்க."

"அப்ப அவங்களையே கிண்டச் சொல்லுங்க."

"அவ செத்துப்போயிட்டாளுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு, "உங்க ஜீரோவ எடுத்தர்றேன் சார்," என்றார். சரிங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.