எங்கள் ஏற்பாடு

மார்ச் 4
இவர் நீச்சல் வகுப்பு முடிந்து வந்தார், குளோரினால் சிவந்த கண்களோடு. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
"நூலகத்துல இருக்காங்களே, அவங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. உன்னையும் பிடிச்சிருக்கு. ரெண்டும் நிஜம். இதுவரைக்கும் எதுவும் நடக்கல. அதான் முதல்ல உங்கிட்ட கேக்கறேன்."
மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் பல் கட்டும் லேபில் மெழுகில் ஆறு கடைவாய்ப்பல் செதுக்கினேன். ஆறும் கோணல்.

மார்ச் 19
இப்படி வாழ்பவர்களைப் பற்றி இருவரும் தேடித்தேடிப் படித்தோம். எத்தனை விதமாக வாழ்கிறார்கள்! மூவரும் ஒரே மேசையில் சாப்பிடும் வீடுகள் உண்டு. முகமே பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு. மனைவிக்கே முதலிடம் என்று ஒப்பந்தம் போடுபவர்கள், யாருக்கும் முதலிடமில்லை என்பவர்கள். எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்து — அது மட்டும் பொது.
"உனக்கு வேணாம்னா வேணாம்" என்றார்.
"சரி, அவங்ககிட்ட போங்க. எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, கேக்க மாட்டேன்" என்றேன்.

ஏப்ரல் 11
கேட்காமலிருப்பது இவ்வளவு சத்தமாகவா இருக்கும்?

ஏப்ரல் 12
அக்காவிடம் உளறிவிட்டேன். "ஒரு உறையில ரெண்டு கத்தியாடி?"
"நாங்க கத்தி இல்லக்கா."
பின்னே நான் யார்? உறையா?

மே 2
சொல்லாத ஏற்பாடு போதும் என்று, நானே கேட்டு அந்த நூலகப் பெண்ணைப் பூங்காவில் பார்த்தேன். மழை இல்லை, பயத்தில் குடையை விரித்து விரித்து மடக்கினாள். "உங்க இடத்துக்கு நான் வரலைங்க" என்றாள். வெறுக்க எவ்வளவு ஆசையாகப் போனேன்! பிடித்துத் தொலைத்துவிட்டது.

மே 9
கனவில் வீடெல்லாம் தண்ணீர். மூவரும் ஆளுக்கோர் அறையில் மிதக்கிறோம், முட்டாமல், மெதுவாக. விழித்த பிறகும் உடம்பு மிதந்தது. பிறந்த வீடு, அப்புறம் இவர் வீடு — நான் மட்டும் இருந்த அறை எது?

மே 10
இவரிடம் சொன்னேன், தனியாக ஓர் அறை எடுக்கப்போகிறேன் என்று.
"விட்டுட்டுப் போறியா?"
"இல்ல. உங்களுக்கு அவங்க. எனக்கு ஒரு அறை. அங்க நீங்க விருந்தாளியா வாங்க."
பிறகு மெல்ல, "எந்தெந்த நாள் வரலாம்?"

ஜூன் 1
லேபுக்கு மேல்மாடி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். வெளிச்சம் சுவரில் ஊர்ந்து போவதைப் பார்த்தபடி மத்தியானம் முழுக்கப் படுத்திருந்தேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 3
சாயங்காலம் இவர் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் என் கதவை இவர் தட்டியது இதுவே முதல் தடவை.
உடனே திறக்கவில்லை. தலையை வாரிக்கொண்டேன்.