எண் பொறிக்காத குழல்

ஷோட்டோ, மொன்டானா
9 மார்ச் 1957

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன், நீயாக எழுதினால்தானே தெரியும்? கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய செர்ரி ஜாம் வந்து சேர்ந்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. மைல்ஸ் சிட்டியில் தபால்தலை விற்பதில்லையா?

பார்சலில் நில்ஸின் துப்பாக்கி இருக்கிறது. அவர் கண்மூடி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது வீட்டுக்கு இறைச்சி வேண்டுமென்றால் நான்தான் மலையேற வேண்டும். போன இலையுதிர்காலத்தில் ஒரு எல்க் மானைச் சுட்டேன். குண்டை வாங்கிக்கொண்டே அது ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு நாள் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. அந்தப் பாவம் இன்னும் மனதை அரிக்கிறது.

இந்தத் துப்பாக்கியில் ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போட முடியும், இன்னொன்று போடுவதற்குள் மான் போய்விடும். முதல் அடியே விழவேண்டும் என்றால் இப்போது இதில் போடுகிற முப்பது-முப்பது ரகத் தோட்டா போதாது. கடைக்கார ஆர்லோ சொன்னான்: "அக்கா, குழலை மாத்தவே வேணாம். முப்பது-நாற்பது ரகத்துக்கும் குண்டு அதே பருமன்தான், மருந்துதான் ஜாஸ்தி. தோட்டா உக்கார்ற அறையை மட்டும் உங்கண்ணனைப் பெருசா குடையச் சொல்லுங்க."

செய்து கொடு அண்ணா.

பக்கத்துப் பண்ணை எம்மெட் வேலி கட்ட வந்து உதவினார். நீ எதுவும் கேட்காதே.

உன் தங்கை,
சிக்னி


மைல்ஸ் சிட்டி
21 மார்ச் 1957

அன்புத் தங்கை சிக்னிக்கு,

ஜாம் வந்தது. தீர்ந்தும் போனது.

பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து 'இன்னும் வேகமான தோட்டாவுக்கு மாற்று' என்று கேட்கிறவர்களில் பாதிப் பேரைத் திட்டித் திருப்பி அனுப்புகிறேன். இரும்பு தாங்காது என்றால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. நில்ஸுடையது நல்ல உருக்கு, அறையைப் பின்னால் மூடுகிற பூட்டும் கனமானது, தாங்கும். பழைய அறை முழுவதும் புது அறைக்குள் மறைந்துவிட வேண்டும். தோட்டாவின் விளிம்புக்கும் பூட்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி இருக்கலாம். அதெல்லாம் என் கவலை. துப்பாக்கியை டயரில் கட்டிவைத்து, முதல் தோட்டாக்களைச் சுவருக்குப் பின்னாலிருந்து கயிறு இழுத்துத்தான் வெடிக்க வைப்பேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் குழலில் பொறித்திருக்கும் பழைய தோட்டா எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் பொறிப்பேன். அது இல்லாமல் என் கடையிலிருந்து ஒரு குழலும் வெளியே போனதில்லை. நம் பக்கத்தில் முப்பது-முப்பது தோட்டா இல்லாத சமையலறை இழுப்பறை உண்டா? பெரிய அறைக்குள்ளும் அது பாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும், வெடிக்கவும் செய்யும். பித்தளைக் கூடு கிழிந்து நெருப்பெல்லாம் சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

அன்புடன்,
ஹால்வர்


ஷோட்டோ
2 ஏப்ரல் 1957

அன்புள்ள அண்ணா,

அந்த எண்ணைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? எங்களுக்குக் கல்யாணமான குளிர்காலத்தில் நில்ஸ் அடுப்படியில் உட்கார்ந்து தன் கையால் செதுக்கியது. ஒரு பைன் கிளை, அதற்கு மேலே அவர் பெயர், கீழே என் பெயர். அங்கே போய் நீ சுத்தியலால் அடிப்பாயா? அவர் கையெழுத்தென்று என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. கடிதம் எழுதுகிற ஆளா அவர்?

அதைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். எதைப் போடவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சைக் குழந்தையா? அம்மா போனபோதுகூட நான் அழவில்லை என்று எல்லோரும் பேசினார்கள். இதை எழுதும்போது அழுகிறேன். வேண்டாம் அண்ணா, அந்த இடத்தை விட்டுவிடு.

சிக்னி


மைல்ஸ் சிட்டி
11 ஜூன் 1957

அன்புத் தங்கைக்கு,

முடிந்தது. கயிறு இழுத்து ஐந்து தோட்டாவை வெடிக்க வைத்தேன். ஐந்து கூடும் கீறல், வீக்கம் எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. பிறகு தோளில் வைத்து நானே பத்துச் சுட்டேன். இப்படிச் சுத்தமாக ஒரு வேலை அமைந்து வருஷக்கணக்காகிறது.

எண் பொறிக்கவில்லை. நீ அழுதால் எனக்குக் கை ஓடாது என்று தெரிந்துதானே எழுதினாய்? விசைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணிச்சீட்டு ஒன்று கட்டி, 'முப்பது-நாற்பது மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். அதைக் கழற்றினாயோ, நேரில் வந்து உதைப்பேன். வீட்டிலிருக்கிற முப்பது-முப்பதையெல்லாம் யாருக்காவது கொடுத்துத் தொலை.

எம்மெட் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வேலி எத்தனை மைல் நீளம் என்றுதான் கேட்கிறேன்.

ஹால்வர்


கிரேட் ஃபால்ஸ், மருத்துவமனை
19 நவம்பர் 1957

அண்ணா,

ஜனவரியில் எனக்கும் எம்மெட்டுக்கும் கல்யாணம் என்று எழுத இருந்தேன். நேரில் வந்து சொல்லி, உன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்துவிட்டது. வாசலில் நின்று, "சிக்னி, உன்னுதைக் கொஞ்சம் எடுத்துக்கிறேன், மேட்டுல மான் நிக்குது" என்று கத்தினார். நான் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன். "எடுத்துக்கோங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன் அண்ணா. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சீட்டு அதில் இல்லை. முந்தின நாள் துடைத்தபோது எண்ணெயில் நனைந்துவிட்டது, அவிழ்த்து அடுப்புக்கு மேல் ஆணியில் காயப்போட்டிருந்தேன். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

அவர் சட்டைப்பையில் முப்பது-முப்பது இருந்தது. குழலிலும் அதே எண்தான் இருந்தது.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறதாம். இவர் ராத்திரி பகல் இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்கிறார்: "நான் நம்பர் பாத்துத்தான் போட்டேன் சிக்னி. நான் பாத்துத்தான் போட்டேன்."



நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. பழி என்னுடையதுதான். துப்பாக்கியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இப்போது எண்ணைப் பொறி. பெயர்கள் அழிந்தால் அழியட்டும்.

சிக்னி


மைல்ஸ் சிட்டி
8 டிசம்பர் 1957

அன்புத் தங்கை சிக்னிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

குழலை அளந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் குடைந்த அறை குடைந்தபடியே இருக்கிறது. கிழிந்த கூடு உள்ளேயே சிக்கியிருந்தது, அதை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி பொறித்துவிட்டேன். பழியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது எட்டுப்பட்டைக் குழல். பெயர்கள் இருப்பது மேல் பட்டையில். அதற்குப் பக்கத்துப் பட்டை ஒரு சாண் நீளத்துக்கு வெறுமையாகக் கிடக்கிறது. புது எண்ணை அங்கே பொறித்தேன். பழைய எண்ணின் மேல் மட்டும் உளியால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். பைன் கிளையில் ஒரு ஊசிகூடப் போகவில்லை. உன் பெயர் இருக்கிறது, நில்ஸின் பெயரும் இருக்கிறது.

கால்மணி நேர வேலை சிக்னி.

இரண்டு மாதம் அந்தக் குழல் என் மேசைமேல் கிடந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. உன் கடிதம் படித்த எரிச்சலில், 'சரி, அவள் பாடு' என்று சீட்டைக் கட்டி அனுப்பிவிட்டேன். முப்பது வருஷமாக இதே தொழில் செய்கிறவன் நான். சீட்டு அவிழும் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும்.

எம்மெட்டிடம் சொல். அவர் சரியாகத்தான் பார்த்தார். பொய்யாக இருந்தது குழலில் நான் விட்டுவைத்த எண்.

ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்,
ஹால்வர்


மைல்ஸ் சிட்டி
16 பிப்ரவரி 1958

அன்புத் தங்கைக்கு,

பார்சல் சேர்ந்ததற்கான ரசீது திரும்பி வந்தது. அதில் உன் கையெழுத்து இருக்கும் என்று தேடினேன். எம்மெட்டின் கையெழுத்து இருந்தது. முதல் எழுத்து கோட்டின்மேல் நிற்கிறது. மற்றவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கடைசி எழுத்து தாளின் ஓரத்தையே தாண்டிவிட்டது.

அவர் உன் வீட்டில் இருக்கிறார், அந்த மட்டில் நிம்மதி.

இந்த வருஷம் ஜாம் வரவில்லை. கேட்கவில்லை, சும்மா சொன்னேன். அந்த ரசீதை, கிழிந்த கூட்டுக்குப் பக்கத்தில், எண் பொறிக்கும் அச்சுகளுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். குழல் கொண்டு வருகிறவர்கள், "யார் கையெழுத்து இது, இப்படிக் கோணலா இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

என்னுடையது என்று சொல்கிறேன்.

ஹால்வர்