இரும்புக் கொட்டகை நின்றுவிட்டது

திருத்தணி
விய வருடம், கார்த்திகை 20

முருகன் துணை.

சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் நைனாவும் உன் தங்கை ரஞ்சிதமும் ஒரு சேதமும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். புயல் சேதி காதில் விழுந்து பதறியிருப்பாய், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நம் தறிக் கொட்டகை நின்றுவிட்டதடா! ஒரு தகரம் பறக்கவில்லை, எட்டுத் தறியிலும் பாவு நூல் நனையவில்லை.

போன வருஷம் ஓலைக் கொட்டகை காற்றோடு போய், கன்ட்ரோல் காலத்தில் அலைந்து வாங்கிய நூலெல்லாம் தறிக்குழித் தண்ணீரில் ஊறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நீ டாட்டாநகருக்கு இரும்பு வேலைக்கு ரயிலேறினாய். சண்டை முடிந்து அரக்கோணத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விடும் இரும்புக் கொட்டகையை எடுங்கள் என்று நீ அங்கிருந்து எழுதியபோது நைனா என்ன குதி குதித்தார்! நான் நச்சரித்துத்தான் எடுக்க வைத்தேன். நிறுத்தி முடித்த கையோடு உனக்கு அந்தக் கெடுவையும் எழுதிப் போட்டார், இந்த மழைக்கு இது நின்றால் நீ இரும்பு வேலையிலேயே இருக்கலாம், சாய்ந்தால் தை பிறந்ததும் வந்து தறியில் உட்கார வேண்டும் என்று. எதிர்வீட்டு வீரபத்திரன் வேறு, இன்னாக்கா, பட்டாளத்து டப்பாவுலயா பொடவ நெய்யப் போறீங்க என்று தினமும் கேட்டுச் சிரித்தான்.

இதில் நைனா செய்த கூத்தைக் கேள். இரண்டு கோடியிலும் தூணுக்குத் தூண் குறுக்காக மாட்டச் சொல்லி நீ படம் போட்டு அனுப்பிய கம்பிகளைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார். மழை நாளில் தெருவில் பாவு நீட்ட முடியாதாம், கொட்டகைக்குள்ளேயே நீட்டிக் கஞ்சி போடலாமாம், கம்பி வழியை மறிக்கிறதாம். நெய்கிறவர் புத்தி எங்கே போகும்! வெள்ளிக்கிழமை காலையில் மலையே தெரியாமல் மேகம் மூடியது, நைனா கனகம்மாசத்திரம் போயிருந்தார். நீ போட்ட படத்தை எடுத்துக்கொண்டு நான் கீழே நிற்க, ரஞ்சிதம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள், தறிக்காரப் பெண்கள் கம்பியைத் தூக்கிக் கொடுத்தார்கள். கடைசி போல்ட்டை முறுக்குகிற நேரத்துக்கு நைனா வந்து சேர்ந்தார், கத்துவதற்கு வாயைத் திறந்தார், அதற்குள் காற்று அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவரும் ஒரு பக்கம் முறுக்கினார்.

மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் அடித்தது. தகரம் தடதடத்து ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, தூணில் கை வைத்தால் உடம்பெல்லாம் அதிர்ந்தது, ஆனால் ஒரு தூண் அசையவில்லை. வீரபத்திரன் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோக, அவன் பெண்டாட்டி, இரண்டு ஆடுகளோடு ஓடி வந்து, எக்கா கதவத் தொறக்கா என்று தட்டினான். அவன் பின்னாலேயே பாதித் தெரு வந்தது. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினேன், அவனிடம் மட்டும், டப்பாவுக்குள்ள எடம் போதுமா தம்பி என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினேன். கேட்காமல் இருக்க முடியுமா!

மறுநாள் காலை நைனா ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தார். அப்புறம் என்னிடம், நான் கட்னது எத்தினி கொட்டாய் போச்சு, இவன் எங்கியோ குந்திகினு கட்னது நிக்குது, அவன் அங்கியே இருக்கட்டும்டி என்றார். இப்போது கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், எம் புள்ள போட்ட படம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆகவே நீ தைக்கு வர வேண்டியதில்லை. உனக்கு வேண்டியது நடந்துவிட்டது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் பெற்றவளிடம் பொய் இருக்கக் கூடாது. தகரம் கிறீச்சென்று கத்தியபோது ஒரே ஒரு தரம், சாய்ந்தால் சாயட்டும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்துவிட்டேன். உடனே எழுந்து போய், சத்தம் வந்த பக்கத்துப் போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினேன்.

நீ தீர்க்காயுசாக இரு, உன் கைபட்டது எல்லாம் நிலைத்து நிற்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, ஆடிக் கிருத்திகை லீவுக்கு இப்போதே சொல்லி வை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஜெயம்மா