செம்பனை முள்ளின்மேல் போட்ட பழி

என் பாசத்துக்கும் தீராத கோபத்துக்கும் உரிய அப்பா,

நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு வழி விட்டீர்களா நீங்கள்?

போன மாதம் கண் மங்கலாகிக் கிளினிக்குக்குப் போனேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அதுவும் பல வருடமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். முப்பத்தாறு வயதில்! குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். "யாருக்கும் இல்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன். ஃபாக்டரி வேலைக்குச் சேர்ந்தபோதும் மருத்துவப் பாரத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் அழுதபோதுதான் அம்மா வாயைத் திறந்தார். "ஒங்கப்பாவுக்கும் இருந்துச்சுடி. சீக்குக் குடும்பம்னு தெரிஞ்சா ஒன்னைய எவன் கட்டுவான்? அதான் மறைச்சோம்."

அப்படியென்றால் உங்கள் கால்விரல் போனதற்குச் செம்பனை முள் காரணமில்லையா? லாரியில் பழக்குலை ஏற்றப்போன இடத்தில் குத்தி விஷம் ஏறிவிட்டது என்று தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாமே பேசின. நீங்களும் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். சத்து மாத்திரை என்று தினமும் விழுங்கினீர்களே, அது என்ன மாத்திரை அப்பா?

டாக்டர் விளக்கினார்: பெற்றவர்களிடமிருந்து மரபணுவில் வருவது நோய் இல்லையாம், நோய் வரும் வாய்ப்புதானாம். முன்பே தெரிந்தால் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, தள்ளிப்போடலாமாம். சிலர் தப்பித்தும் விடுகிறார்களாம். தெரியாமல் விட்டால், இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை உடம்பின் உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற ஒன்றை ஏற்றிவிடுகிறது. இரும்பைத் துரு தின்கிற மாதிரி அது கண்ணையும் நரம்பையும் தின்னுமாம். நானோ மூன்று வேளையும் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நமக்கெல்லாம் வராது என்று இருந்தேன். வயிறு எரிகிறது அப்பா.

இன்னும் கேளுங்கள். தம்பிக்குச் சுங்கை ஆயர் தாவாரில் பெண் பார்த்திருக்கிறோம். பெண் வீட்டார் வந்த அன்று அம்மா என் மருந்துப் பையை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்துவைத்தார். "நிச்சயம் முடியட்டும்டி, வாயத் தொறக்காத." எனக்கு வந்ததே ஆத்திரம்! பையை எடுத்து நடு ஹாலில் வைத்து, அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது என்று போட்டு உடைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பெண்ணின் அம்மா அந்தப் பையைத் தன் பக்கம் இழுத்து உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ அப்பாவுக்கும் இருக்கு லா. நாங்களும் சொல்லாமத்தான் வந்தோம்."

உடனே அந்தப் பெண்ணே எழுந்து தம்பியைப் பார்த்து, "நாளைக்கு ரெண்டு பேரும் ரத்தம் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்குச் சர்க்கரை அளவு எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. கல்யாணமும் நிற்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரு நாள் போதுமாக இருந்தது. அந்த ஒரு நாளை எனக்கு ஏன் தரவில்லை நீங்கள்?

என் மகளுக்குப் பத்து வயது. தாத்தா எவ்வளவு நல்லவர் என்று அவளிடம் சொல்வேன், அது உண்மை. தாத்தாவுக்கு என்ன நோய் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் பொய் சொல்லி நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த,
உங்கள் மூத்த மகள்