நாடுகடத்தப்பட்ட தளபதி

அன்புள்ள தம்பிக்கு,

நாம் கற்பனையில் கட்டிய பேரரசின் மெய்க்காவல் படை வரலாற்றை இணையத்தில் தொடராகப் போட்டு வருகிறேன். நீ எழுதிய வரைக்கும் போட்டு முடிந்துவிட்டது. முத்துக்குளிப்பவர்கள்மேல் வேல் வீச மறுத்த தளபதியைப் பேரரசர் நாடுகடத்துவதோடு நிற்கிறது.

இங்கே தூத்துக்குடியில் நல்ல வெயில். அப்பா கடைக்குப் போய்வருகிறார். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பெயரை அவர் சொன்னதே இல்லை.

நேற்று மொபைலோடு என்னிடம் வந்தார். தொடரை அவர் படிப்பதே எனக்குத் தெரியாது.

"ஏளா, அந்தத் தளபதி பொறவு வரவே இல்லியா?"

"பேரரசர் கூப்பிடாம எப்படிப்பா வருவான்?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"கூப்பிட்டாருன்னு எழுதச் சொல்லு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரட்டும்."

தளபதிக்குக் கல்யாணம் ஆனதாக நாம் எங்குமே எழுதவில்லை.

இருவரும் வாருங்கள்.

உன் அக்கா